பூசையில் வைத்த துவக்கு

சிவமயம்

கொலோன்
09.02.1986

அன்புத் தங்கச்சி சுந்தரேஸ்வரி அறிய,

நானும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். உன் சுகத்துக்கும் கோண்டாவில் பிள்ளையாரைத்தான் நம்பியிருக்கிறேன். இந்தக் குளிரில் காதை மூடாமல் திரியாதே.

போன சனிக்கிழமை கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்த ஒருவர், எங்கள் தமிழ் மன்றத்தில் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டார்: "சிற்றம்பலண்ணை, உங்கடை தங்கச்சி துவக்குச் செய்யிற கடையிலை நிக்கிறாவாமே?" நான் சிரித்துச் சமாளித்தேன். ஒரு கடையில் வேலை என்றுதான் நீ எழுதியிருந்தாய். என்ன கடை என்று எழுதவில்லை. பூக்கடையாக இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

உனக்கு முப்பத்தாறு வயது. உன்னைக் கரைசேர்க்க நான் இன்னும் நாலு இடத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறேன். ஆளைச் சுடுகிற துவக்கைச் செய்கிற பெண்ணை எவன் கட்டுவான்? மன்றத்தில் என்னைத் தலைவராக்கி ஆறு மாதம் ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு கதை. அந்த வேலையை விடு. ஊரில் அம்மாவுக்கும் தம்பி நடேசனுக்கும் இதை எழுதி அவர்கள் மனத்தை நோகடிக்க நான் விரும்பவில்லை.

உன் நன்மையையே நினைக்கும்,
அண்ணன் சிற்றம்பலம்


சிவமயம்

கார்ல்ஸ்ரூஹே
23.02.1986

அன்புள்ள அண்ணை,

நான் சுகம். காதை மூடித்தான் இருக்கிறேன், குளிருக்கல்ல, வெடிச் சத்தத்துக்கு. அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி?

நீங்கள் பூக்கடை என்று நினைத்ததற்கு நான் என்ன செய்ய? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஊரில் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் தராசோடு நின்றவளுக்கு இந்த நாட்டில் முதலில் கொடுத்தது விளக்குமாறு. அந்தக் கடையைக் கூட்டப் போன இடத்தில் முதலாளி அல்பேர்ட் வெடிமருந்து நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. "தராசைச் சமன் பண்ணிப்போட்டு நிறுங்கோ" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அடுத்த கிழமை விளக்குமாற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

இங்கே ஊருக்கு ஊர் துவக்குச் சுடும் கழகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து, கடதாசியில் கீறிய வட்டத்துக்குச் சுட்டு, பியர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதர்கள். ஆளையும் சுடுவதில்லை, கொக்கையும் சுடுவதில்லை. அவர்களுக்குத்தான் அல்பேர்ட் துவக்குச் செய்கிறார். இப்போது நானும் அவரும் சேர்ந்து புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். பூட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு வெடியாக வைக்கிற துவக்கு. பதிவு அவர் பெயரில்தான். ஆனால் கழகத்தில் அதைச் சுடப்போவது நான்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பயந்தவர்கள் விலகிப் போகட்டும். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

உங்கள் சொல் கேளாத,
தங்கச்சி சுந்தரி


சிவமயம்

கார்ல்ஸ்ரூஹே
13.04.1986

அன்புள்ள அண்ணை,

இரண்டு மாதமாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்று விளங்குகிறது. எல்லோரும் சுகமோ என்று கேட்கிறேன். அதற்காவது பதில் போடலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. துவக்கின் குழல் வந்துவிட்டது. கடைசல் இயந்திரத்தில் பூட்டி, அது ஆட்டமில்லாமல் சுழலுகிறதா என்று பார்க்கவே ஒரு நாள் போய்விட்டது. பிறகு வெடிக்கிற ரவை போய் இருக்கிற அறையைக் குழலுக்குள் வெட்டினோம். ஒரு மயிரளவு வெட்டுவது, வெளியே எடுத்துத் துடைப்பது, எண்ணெய் விடுவது, திரும்ப வெட்டுவது. அல்பேர்ட் என்னைவிடப் பிடிவாதக்காரர். கடையில் விற்கிற ரவைக்கு அறை வெட்டமாட்டேன் என்று நின்று, தன்னுடைய கணக்குக்கு ஒடுக்கமாக வெட்டினார். உலகத்தில் எந்தக் கடையில் வாங்கிய ரவையும் இதற்குள் போகாது. பித்தளைக் கோதின் கழுத்தை அமத்தி ஒடுக்கி, மருந்தை நிறுத்துப் போட்டு, ஈயச் சன்னத்தை மேலே இருத்தி ஒவ்வொன்றாக நாங்களே செய்ய வேண்டும். அந்த வேலை எனக்கு. அனுமதிப் பத்திரம் அல்பேர்ட்டிடம்தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் நான் மருந்தைத் தொடலாம்.

மருந்து நிறுக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்வேன். மருந்தில் ஒரு மணி கூடினாலும் சுடுகிற வட்டத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் தும்மிவிட்டேன். அல்பேர்ட் எல்லாவற்றையும் திருப்பிக் கொட்டி, முதலில் இருந்து நிறுக்க வைத்தார். நல்ல மனிசன், ஆனால் சிரிக்கத் தெரியாது.

நடேசன் எழுதியிருந்தான். கூட்டுறவுக் கடைக்கு மனேச்சராக வந்ததில் இருந்து பொறுப்புக் கூடிவிட்டதாம், அரிசி பங்கிடுவது பெரிய பாடாம். அம்மாவுக்கு இருமல் சுகமாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
சுந்தரி


கொலோன்
21.05.1986

சுந்தரி,

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. நடேசன் போய்விட்டான். இந்த மாதம் பத்தாம் திகதி, கோண்டாவில் சந்தியில், கடைக்கு முன்னால். ஹெலிகொப்டரில் வந்த ஆமி சுட்டதாம். கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. செத்தவீடும் முடிந்துவிட்டது. அம்மா நெஞ்சுரத்தோடு இருக்கிறாவாம்.

மன்றத்தில் அவனுடைய படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு அஞ்சலி செய்தோம். மண்டபம் நிறைந்த சனம். நீ இல்லை என்பதுதான் எனக்குக் குறை.

அண்ணன்


கார்ல்ஸ்ரூஹே
06.07.1986

அன்புள்ள அண்ணை,

ஒன்றரை மாதமாக எனக்குப் பேனை பிடிக்க ஏலவில்லை. அண்ணியையும் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

துவக்கின் பூட்டை ரவை அறையோடு பொருத்துகிற வேலைதான் இவ்வளவு நாளும் செய்தேன். இரும்பும் இரும்பும் முழுதாகத் தொட்டுப் பூட்ட வேண்டும். அதற்கு மாவு போல் ஒரு பசையைத் தடவி முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்த்தேன். அழுதுகொண்டு தேய்த்தேன். அல்பேர்ட் ஒரு நாளும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை, கோப்பியை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

இங்கே அகதி முகாமுக்குப் பேர்பெச்சுவா அக்கா வந்திருக்கிறா. நடேசனின் கடைக்கு எதிரே தையல் மெசின் போட்டிருந்தவ. கொலோனில் உங்களைக் கண்டு எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தாவாம். எனக்கும் சொன்னா.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நடேசனைச் சுட்டது ஆர் என்று எனக்குத் திருப்பி ஒரு தரம் எழுதுங்கள்.

சுந்தரி


சிவமயம்

கொலோன்
17.08.1986

என் அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். அண்ணி உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. மூத்தவள் சியாமளா பெரிய பிள்ளையாகிவிட்டாள். சாமத்தியச் சடங்கை ஐப்பசியில் மன்ற மண்டபத்தில் வைக்க எண்ணியிருக்கிறோம். ஆலாத்தி எடுக்க மாமி நீதான்.

உன் பழைய கடிதங்களை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். உன்னை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் உன்னைப் போல் கெட்டிக்காரி இல்லை. அந்தத் துவக்கு எவ்வளவு தூரத்துக்குச் சரியாகச் சுடும்? கழற்றி ஒரு பெட்டிக்குள் வைக்கலாமோ? கடை ரவை போகாது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் அந்தக் கோது ஒடுக்குகிற விதத்தையும் மருந்து நிறுக்கிற அளவையும் விபரமாக எழுதி அனுப்பு. மன்றத்துப் பெடியள் இரண்டு பேர் இதில் ஆர்வமாக இருக்கிறார்கள். ஒருக்கால் வந்து பார்க்க வேண்டுமாம். நல்ல பிள்ளைகள்.

பேர்பெச்சுவாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவவுக்கு வந்த வழியில் மூளை குழம்பிவிட்டது என்று இங்கே கதைக்கிறார்கள். அவவோடு அதிகம் பழகாதே.

என்றும் உன் மேல் பட்சமுள்ள,
அண்ணன்


சிவமயம்

கார்ல்ஸ்ரூஹே
22.08.1986

அண்ணை,

தரமாட்டேன். நீங்கள் கடிதத்துக்குள் தேடிக் களைக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். சியாமளாவுக்கு என் முத்தம். அண்ணியின் மிளகாய்த்தூளுக்கு நன்றி.

மாசியில் வெட்கக்கேடு, ஆவணியில் கெட்டிக்காரி. நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்காதா? பேர்பெச்சுவா அக்காவுக்கு மூளை நல்ல தெளிவாகத்தான் இருக்கிறது. அவவுக்கு மூளை குழம்பியிருந்தால் உங்களுக்கு நல்லது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதமாட்டீர்கள். நான் எழுதுகிறேன். அன்றைக்கு ஹெலி வரவில்லை. இயக்கத்துப் பெடியள் நாலு பேர் துவக்கோடு வந்தார்கள். கூட்டுறவுக் கடைப் பூட்டின் திறப்பைக் கேட்டார்கள். "இது சனத்தின்ரை அரிசி. திறப்பு நான் தரமாட்டன்" என்றான் தம்பி. இரண்டாம் தரமும் கேட்டார்கள். இரண்டாம் தரமும் அதையே சொன்னான். அக்கா தையல் மெசினுக்குப் பின்னால் இருந்து பார்த்தவ. சுட்டுப்போட்டுத் திறப்பை அவனுடைய மடியிலிருந்துதான் எடுத்தார்களாம்.

அவர்களுடைய ஆட்கள்தான் உங்கள் மன்றத்தில் அவனுக்கு மாலை போட்டது. அது தெரிந்த பிறகும் நீங்கள் அவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். இப்போது அதே ஆட்கள் என் துவக்கைக் கேட்கிறார்கள், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். தம்பி அரிசியையே கொடுக்கவில்லை. நான் துவக்கைக் கொடுப்பேனா? வெறும் துவக்கை எடுத்தாலும் பிரயோசனமில்லை, ரவை என் கைக்குள்ளால்தான் வரவேண்டும். ஒரு மருந்து மணிகூட வராது.

எனக்கு இந்த நாட்டில் இரத்த உறவு என்று நீங்கள் ஒருவர்தான். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

சுந்தரேஸ்வரி


கொலோன்
28.09.1986

சுந்தரி,

சுகம். உன் சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

சியாமளாவின் சடங்குக்கு நீ வரத் தேவையில்லை. ஆலாத்தி எடுக்க வேறு ஆளைச் சொல்லிவிட்டேன். உனக்கு நியாயம் பெரிது, எனக்குக் குடும்பம் பெரிது.

அம்மா அங்கே தனிய இருக்கிறா. அவர்கள் காம்ப் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இதை நீ யோசித்தாயோ? இதற்கு மேல் என்னால் எழுத ஏலாது.

அந்த இரண்டு பேரும் உன்னிடம் வருவார்கள். முகவரி நான்தான் கொடுத்தேன். வாயைக் கொடுக்காமல் மரியாதையாகக் கதைத்து அனுப்பு.

சிற்றம்பலம்


சிவமயம்

கார்ல்ஸ்ரூஹே
15.10.1986

அண்ணை,

உங்கள் சுகத்தையும் பிள்ளைகளின் சுகத்தையும் நீங்கள் விரும்பாவிட்டாலும் விசாரிக்கிறேன். நான் நல்ல சுகம்.

வந்தார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூசை அன்று. ஊரைவிட்டு வந்தாலும் பஞ்சாங்கத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு வெளிக்கிட்டிருக்கலாம்.

நான் அல்பேர்ட்டிடம் முதலே சொல்லி வைத்திருந்தேன், இன்றைக்குத் தராசு, அரம், கடைசல் இயந்திரம், துவக்கு எல்லாவற்றுக்கும் பூசை, நாளை வரைக்கும் ஒருவரும் தொடக் கூடாது என்று. "சந்தனம் இரும்பில் பட்டால் கறள் பிடிக்கும், துடைப்பது யார்?" என்று கேட்டார். துவக்கின் மரக்கட்டையில் மட்டும் வைக்கிறேன் என்றேன். இரும்புப் பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சட்டப்படி அவர் நிற்கத்தான் வேண்டும். கடலை அவித்திருந்தேன். பொரி கிடைக்கவில்லை, சோளப்பொரி வைத்தேன். விளக்குக் கொளுத்தி முடியவும் வாசல் மணி அடித்தது.

ஒருவர் நெட்டை, தோல் சட்டை. மற்றவருக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. "அக்கா, சிற்றம்பலண்ணை அனுப்பினவர்" என்று சொல்லிக்கொண்டே நெட்டையர் துவக்குக்குக் கையை நீட்டினார்.

"கையை எடும் தம்பி. பூசையிலை வைச்சிருக்கு. விஜயதசமி வரைக்கும் நானே தொடமாட்டன். உம்மடை வீட்டிலை பூசையிலை வைச்ச கத்தியை ஆரும் எடுக்க விடுவினமோ?"

கை அப்படியே நின்றது. மீசை அரும்பியவர் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு அப்போது கோபம் பாதி போய்விட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப நாளைக்கு வரட்டோ அக்கா?" என்றார் நெட்டையர்.

"நாளைக்கும் வாரும், நாளையிண்டைக்கும் வாரும். துவக்கு உமக்கில்லை."

"துவக்கு வேண்டாம். ரவை போடுற அளவைச் சொல்லித் தாங்கோ. வேறை துவக்கு நாங்கள் செய்விப்பம்."

"நடேசனிட்டை இரண்டு தரம் திறப்புக் கேட்டவங்கள். என்ன சொன்னவன் எண்டு தெரியுமோ?"

நெட்டையர் சுவரைப் பார்த்தார். மற்றவர், "அது நாங்களில்லை அக்கா, நாங்கள் அப்ப இஞ்சை" என்றார் மெல்லமாக.

"அப்ப அவனுக்கு மாலை ஏன் போட்டனீர்? ஆர் சுட்டது எண்டு தெரிஞ்சுதானே போட்டனீர்?"

"அம்மா தனிய இருக்கிறா, யோசியுங்கோ" என்றார் நெட்டையர் போகிறபோது. நீங்கள் எழுதிய அதே வசனம். அதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது என்று அப்போது விளங்கியது. எனக்குப் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் "அவ என்ரை அம்மா. அவவை வைச்சு என்னை வெருட்டினா, நான் தந்திடுவன் எண்டு நினையாதையும்" என்று சொன்னேன். பிறகு கடலையைக் கொடுத்தேன். பூசை வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது. நெட்டையர் வேண்டாம் என்றார். மற்றவர் இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அல்பேர்ட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "இவர்கள் திரும்ப வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

விஜயதசமி அன்று மாலை கழகத்தில் சுட்டேன். நூறு மீற்றர், ஐந்து வெடி. ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு பத்துப் பெனிக் காசுக்குள் நிற்கிறது. அல்பேர்ட் சிரித்தார், பல் தெரிய. அந்தக் கடதாசி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். மன்றத்தில் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு என் கையால் கிடைக்கப்போவது இந்த ஓட்டை மட்டும்தான்.

சடங்குக்கு அழைக்காவிட்டால் போகட்டும். சியாமளாவுக்கு நான் தைப்பித்த பாவாடை தபாலில் வரும்.

சுந்தரேஸ்வரி


சிவமயம்

கொலோன்
17.11.1986

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுதுகிறேன், ஆனால் இரண்டு நாளாக ஒருவரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

சடங்கு நடக்கவில்லை. மாமி ஆலாத்தி எடுக்காவிட்டால் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று சியாமளா பாவாடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அண்ணியும் அவள் பக்கம். நான் என்ன செய்ய?

சனிக்கிழமை நடேசனின் ஆறு மாத நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நான் தலைமை. எழுதித் தந்ததை வாசிக்கச் சொன்னார்கள். அதில் ஹெலி என்று இருந்தது. அந்த இடத்தோடு வாசிப்பை நிறுத்தினேன். உன் அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. மன்றத்தில் கொடுக்கத் துணிவில்லாமல் ஒரு மாதமாக அங்கேயே வைத்திருந்தேன்.

கடதாசியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "என்ரை தம்பியை ஆமி சுடேல்லை. அரிசிக் கடைத் திறப்பைக் குடுக்கமாட்டன் எண்டதுக்குச் சுட்டவை. சுட்டவையின்ரை ஆக்கள் இஞ்சை முன் வரிசையிலை இருக்கினம். அவனுக்கு இனி இஞ்சை மாலை வேண்டாம்."

முதலில் முன் வரிசை எழும்பியது. பிறகு எல்லோரும். பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி அப்படியே இருந்தது. அண்ணியும் நானும் பிள்ளைகளும் குடித்தோம். மீசை அரும்பிய ஒரு பெடியன் கடைசி வரையும் நின்று கதிரைகளை அடுக்கிவிட்டுப் போனான். படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தலைவர் பதவியும் போய்விட்டது, போகட்டும்.

ஆனால் சுந்தரி, எனக்கு நித்திரை இல்லை. அம்மாவுக்கு ஏதும் நடந்தால் அது என் வாயால் நடந்ததாக இருக்கும். நீயே அவவுக்கு எழுது. நடந்த எல்லாவற்றையும் எழுதி, கொழும்புக்குப் போய் இருக்கச் சொல்லு. எனக்கு எழுதக் கை வரவில்லை.

அண்ணன்


சிவமயம்

கார்ல்ஸ்ரூஹே
25.01.1987

அன்புள்ள அண்ணை,

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், இனிமேல் நித்திரையும் கொள்ள வேண்டும். நான் சுகம். பங்குனியில் மாவட்டப் போட்டிக்குக் கழகம் என் பெயரைக் கொடுத்திருக்கிறது.

அம்மாவிடமிருந்து நேற்றுப் பதில் வந்தது. நான் ஆர் சுட்டது என்பதையும், பெடியள் வந்ததையும், நீங்கள் மண்டபத்தில் எழும்பிச் சொன்னதையும் ஒன்றும் விடாமல் எழுதியிருந்தேன். அவ எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"மோள், எனக்குத் தெரியாதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? பிள்ளையைத் தூக்கி மடியிலை கிடத்தினது நான். செத்தவீடு முடிஞ்ச அண்டே அவங்கடை காம்ப் வாசலிலை போய் நிண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, மண் அள்ளித் தூத்திப்போட்டுத்தான் வந்தனான். இண்டைக்கும் வெள்ளிக்கு வெள்ளி போறனான். காவல் சென்றியிலை நிக்கிற பெடியன் என்னைக் கண்டா மற்றப் பக்கம் பாக்கிறான். கொழும்புக்கு நான் ஏன் போவான்? கொண்ணர் சிற்றம்பலத்துக்கு ஹெலி எண்டு சொல்லச் சொன்னது நான்தான். அவன் சின்னனிலை இருந்தே பயந்தவன். அந்நிய நாட்டிலை நிண்டு நடுங்குவான் எண்டு ஒளிச்சனான்."

அண்ணை, அம்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று நீங்கள் வாயை மூடினீர்கள். உங்களைக் காப்பாற்ற அவ மூடினா. வாசித்துவிட்டு வேலைத்தளத்தில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். அல்பேர்ட் கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

சியாமளாவின் சடங்குக்கு நாள் குறியுங்கள். மண்டபம் வேண்டாம், உங்கள் வீட்டு அறை போதும். ஆலாத்திக்கு நான் வருகிறேன்.

அம்மாவின் கடிதம் இப்படி முடிகிறது: "வாற வெள்ளி போகேக்கை, என்ரை மூத்தவனும் சபையிலை எழும்பிச் சொல்லிப்போட்டான் எண்டு அவங்களுக்குச் சொல்லுவன்."

உங்கள் அன்புத் தங்கச்சி,
சுந்தரி